நாடி கிடைக்காத கை

எல்லோருக்கும் வணக்கம். உட்கார்ந்தபடியே உங்கள் வலது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பாருங்கள். துடிப்பு தெரிகிறதா? இப்போது இடது கை. இரண்டிலும் தெரிகிறது என்றால் சரி. ஒரு கையில் நாடியே கிடைக்காத இளம்பெண்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1908-ல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகயாசு, 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் மாலைபோல் பின்னிக்கிடப்பதைக் கண்டார். இதேபோன்ற நோயாளிகளுக்குக் கையில் நாடி இல்லை என்று வேறு இரு மருத்துவர்கள் சொன்னார்கள். இன்று அதை டகயாசு நோய் என்கிறோம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு சக்தியே, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியையும் அதன் கிளைகளையும் தாக்குகிறது. குழாயின் சுவர் தடித்து வழி குறுகுகிறது. சில இடங்களில் சுவர் நைந்து புடைக்கிறது. பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குத்தான் வருகிறது. நம் நாட்டிலும் இருக்கிறது.

என்னை மிகவும் பயமுறுத்துவது இதுதான். சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் குறுகினால், ரத்தம் போதாமல் சிறுநீரகம் பி.பி.யை ஏற்றிவிடும். உள்ளே 200 இருக்கும். அதே பெண்ணுக்குத் தோள்பட்டைக் குழாயும் அடைத்திருந்தால், அந்தக் கையில் கட்டிப் பார்க்கும்போது 100தான் காட்டும். "லோ பி.பி., நல்லா சாப்பிடும்மா" என்று டாக்டர்களான நாங்களே அனுப்பிவிடுவோம். அவளுடைய இதயமும் மூளையும் அந்த 200-ஐச் சுமந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒருநாள் இதயம் தளர்ந்து மூச்சுத்திணறலோடு வருவாள், இல்லையென்றால் வாய் கோணிப் பக்கவாதத்தோடு. பார்வை போவதும் உண்டு, இதய வால்வு கசிவதும் உண்டு.

அதனால்தான் இரண்டு கையிலும் பாருங்கள், சந்தேகம் வந்தால் காலிலும் பாருங்கள் என்று கெஞ்சுகிறேன். காரணம் தெரியாத காய்ச்சல், எடை குறைவது, தலை பின்னும்போது கை ஓய்ந்துபோவது, இதையெல்லாம் சோர்வு என்று ஒதுக்காதீர்கள்.

ஸ்டீராய்டு கொடுத்தால் அழற்சி, அதாவது இந்தத் தாக்குதலால் குழாய்ச் சுவரில் வரும் வீக்கம், அடங்கும். முகம் வீங்குகிறதே என்று திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும், எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் மெதோட்ரெக்சேட் போன்ற மருந்தும் சேர்ப்போம். அடைப்பை பலூன் வைத்து விரிப்பதை, முடிந்தவரை அழற்சி தணிந்த பிறகே செய்கிறோம். கொதிக்கும் குழாயில் கைவைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.