மூன்று மணி நேர மழையில் விழாதவன், சிக்னலில் நின்றபோது விழுந்த கதை

கேமரா ஓடுகிறதா? ஓடுகிறது. சரி. பின்னால் வண்டி நிற்கிறது பாருங்கள், அதில் இடதுபக்க இண்டிகேட்டர் தொங்குகிறதா? இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும், என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

இன்றைக்கு மூன்று மணி நேரம் மழையில் ஓட்டினேன். தூறல் இல்லை, ஹெல்மெட்டுக்குள் பறை அடிக்கிற மாதிரி கேட்குமே, அந்த மழை. வளைவு, இறக்கம், பாலம், தண்டவாளம் எல்லாம் தாண்டியாகிவிட்டது, ஓரிடத்தில்கூட வண்டி வழுக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில், வீட்டுக்கு இரண்டு சிக்னல் முன்னால், சிவப்பு விழுந்தது. பதமாக நிறுத்தினேன், இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடம் வெள்ளைக் கோடு! கால் அப்படியே சர்ரென்று வெளியே போனது, வண்டி சாய்ந்தது, நானும் கூடவே சாய்ந்தேன். அப்போது வேகம் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். பக்கத்தில் நின்றவர் இறங்கி வந்து தூக்கிவிட்டார், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் தூக்கினார், அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

வெள்ளைக் கோட்டை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தார்ச்சாலையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சின்னச் சின்ன இடைவெளி இருக்கும், டயர் அழுத்தும்போது தண்ணீர் அதற்குள் ஒதுங்கிவிடும், ரப்பர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். பெயின்ட் அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. போதாததற்கு, ராத்திரி ஹெட்லைட் பட்டு மின்ன வேண்டும் என்று பொடிக் கண்ணாடி மணிகளையும் அதில் கலக்கிறார்கள். மழையில் கோட்டின் மேல் சாயாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள் என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன். டயருக்குச் சொன்னதைக் காலுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். இதோ, காட்டுகிறேன். தெரிகிறதா? குதிகாலில் கொஞ்சம் பள்ளம் மிச்சம் இருக்கிறது, முன்பக்கம் மொழுமொழுவென்று கூழாங்கல் மாதிரி. வாராவாரம் டயரில் விரலை விட்டுப் பார்க்கிறவன், அது தயாரான வாரம் எது என்றுகூட மனப்பாடமாக வைத்திருக்கிறவன், சொந்தக் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. (தயாரான வாரம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம். பள்ளம் நிறைய இருந்தாலும் ரப்பர் பழசாகிக் கெட்டிப்பட்டால் ஈரத்தில் பிடிக்காது. போய்ப் பாருங்கள், சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.)

டயர் என்றதும் ஞாபகம் வருகிறது. போன மழை வீடியோவுக்குக் கீழே, 'மழை நாளில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டுங்க, பிடி நல்லா இருக்கும்' என்று யாரோ எழுதினார், அதற்குக் கீழே ஆமாம் ஆமாம் என்று ஒரு பட்டாளம். தயவுசெய்து வேண்டாம். மணலிலும் சேற்றிலும் அது சரி, ஈரத் தார்ச்சாலையில் நேர் எதிர். காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்குகிறது, பள்ளங்கள் நெருங்கி மூடிக்கொள்கின்றன, தண்ணீர் வெளியேற வழி இல்லை. 1960-களிலேயே நாசா, விமானச் சக்கரங்கள் ஓடுதளத்துத் தண்ணீரில் மிதப்பதை ஆராய்ந்தபோது, காற்றழுத்தம் குறையக் குறைய குறைந்த வேகத்திலேயே மிதக்க ஆரம்பிக்கும் என்று கணக்குப் போட்டது. நம்முடைய டயர் வட்ட முதுகு, ஒல்லி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், அதனால் காரைவிட நமக்கு மிதக்கும் ஆபத்து குறைவுதான். அந்த நல்ல குணத்தை நாமே ஏன் கெடுக்க வேண்டும்? கம்பெனி எழுதியிருக்கிற அளவு, அவ்வளவுதான்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது வெயில். பாதி வழியில் மணம் வந்தது, அந்த மண்வாசனை. எல்லோருக்கும் அது பிடிக்கும், எனக்கும் வீட்டில் இருக்கும்போது பிடிக்கும். வண்டியில் இருந்தால் அது எனக்கு அபாயச் சங்கு. நாள்கணக்கில் காய்ந்து கிடந்த சாலையில் எண்ணெய்ச் சொட்டு, டயர் தூள், புழுதி எல்லாம் படிந்திருக்கும். முதல் தூறல் அதைக் கழுவாது, குழைத்து மேலே கொண்டுவந்து பூசும். நன்றாகக் கொட்டிய பிறகுதான் அடித்துக்கொண்டு போகும். அதனால் முதல் கால் மணி நேரம் நான் எங்காவது ஒதுங்கி நின்று ரெயின்கோட் மாட்டுவேன், மாட்டி முடித்த பிறகும் சும்மா நிற்பேன். 'தூறல்தானே, வேகமா போய்ச் சேர்ந்துடலாம்' என்று முறுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஒதுங்குவது என்றேன், அதற்காகப் பாலத்துக்கு அடியில் ஓடுகிற சாலையிலேயே வண்டியை நிறுத்துகிறார்களே, அதைச் சொல்லவில்லை. இன்றைக்கும் ஒரு கூட்டம். பின்னால் வருகிறவன் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழைகிறான், கண்ணாடியில் தண்ணீர், அவன் எதிரே பத்து வண்டி வரிசையாக. நனைந்தால் காய்ந்துவிடலாம், அய்யா!

பிரேக் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். மழையில் முன்பிரேக்கைத் தொடவே கூடாது என்பது பயந்தவர்கள் பரப்பிய கதை. மழையிலும் பெரும்பகுதி வேலையை முன்பிரேக்தான் செய்கிறது. காய்ந்த சாலையைவிட எடை கொஞ்சம் குறைவாக முன்னால் சாய்வதால் பின்பிரேக்குக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு கொடுக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பிடிக்கிற விதம் இருக்கிறதே, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி, மெதுவாகத் தொடங்கி அழுத்தம் கூட்ட வேண்டும். பிரேக் கவ்வுகிற டிஸ்க் தட்டின் மேல் தண்ணீர்ப் படலம் இருப்பதால் முதல் நொடியில் பிடிக்காத மாதிரி இருக்கும், அந்தப் பதற்றத்தில் இறுக்கினால் படலம் விலகியதும் சட்டென்று கவ்வும், அங்கேதான் சக்கரம் பூட்டிக்கொள்கிறது. நான் சிக்னலைத் தூரத்தில் பார்க்கும்போதே லேசாகத் தொட்டுத் துடைத்து வைத்துக்கொள்வேன். ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற பிரேக் அமைப்பு, இருந்தால் பயமில்லையா என்றால், இருப்பது மிக நல்லது, 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 பைக்கில் வந்த நாளிலிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் சாதாரண ஏபிஎஸ் சாயாமல் நேராக ஓடுகிற வண்டிக்குத்தான் முழுப் பலன் தரும், வளைவில் சாய்ந்திருக்கும்போது இறுக்கினால் அதை நம்ப முடியாது. அப்புறம் வேகம். 60-இல் போகிறவன் 40-க்கு இறங்கினால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் பாதிக்கும் கீழே வந்துவிடும், ஏனென்றால் அந்தத் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் காய்ந்த சாலையில் 2 நொடி என்றால் மழையில் 4.

இப்போது முக்கியமான விஷயம். இதைப் பேசத்தான் எனக்கு ஆசையே. வைசர், ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி! மழை என்றாலே எல்லோரும் டயரைக் கேட்கிறீர்கள், எனக்குக் கண்தான் முதல். மேன்ஹோல் மூடி, பாலத்து இரும்பு இணைப்பு, டீசல் சிந்திய இடத்தில் வானவில் மாதிரி மின்னுகிற திட்டு, எல்லாமே வழுக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரங்கள். தெரிந்தால் வண்டியை நிமிர்த்தி, பிரேக்கும் வேண்டாம் முறுக்கும் வேண்டாம் என்று அப்படியே உருண்டு தாண்டிவிடலாம். தெரியவில்லை என்றால் எந்த டயரும் உதவாது.

போன மாதம் முழுக்க என் வைசர் பால் ஊற்றின மாதிரி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா, ஒரு வீடியோவில் பாதி நேரம் வைசரைத் தூக்கிவிட்டு, முகத்தில் ஊசி குத்துகிற மாதிரி மழையை வாங்கிக்கொண்டு பேசினேன். அதற்கு முன்னால் பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தடவிப் பார்த்தேன். ஆவி படியவில்லை என்பது உண்மை. ஆனால் இடுக்கில் தண்ணீர் புகுந்து, சோப்பு நெற்றியில் வழிந்து, கண்ணில் இறங்கி, அதோடு அந்த யோசனைக்கு ஒரு கும்பிடு.

அப்புறம்தான் பின்லாக் மாட்டினேன். வைசருக்கு உள்ளே மாட்டுகிற இரண்டாவது கண்ணாடி, ஓரம் முழுக்க மெல்லிய சிலிகான் விளிம்பு. இரண்டுக்கும் நடுவே காற்று அடைபட்டிருக்கும், அதனால் உள்கண்ணாடி மழையில் குளிராது, மூச்சு பட்டாலும் ஆவி படியாது. மாட்டின பிறகும் எனக்குப் படிந்தது! அதுவும் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே, விரல் வைத்துத் துடைக்கவே முடியாத இடத்தில். மூன்று பயணம் திட்டிக்கொண்டே போனேன். தப்பு முழுக்க என்னுடையது. அதைப் பிடித்துவைக்கிற இரண்டு குமிழ் இருக்கிறதே, அவை சரியான வட்டம் இல்லை, மையம் ஒருபக்கம் தள்ளியிருக்கும், திருப்பினால் உள்கண்ணாடி இறுகும். குறிப்புத் தாளில் படம் போட்டே இருக்கிறது, நான் அந்தத் தாளைப் படித்திருந்தால்தானே.

நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிலிகான் கோடு சுற்றிலும் ஈரமான கயிறு மாதிரி கருப்பாக ஒட்டியிருக்க வேண்டும். எனக்கு வலது மூலையில் ஒரு விரல்நகம் அளவுக்குச் சாம்பல் நிறம், அங்கே தொடவில்லை. குமிழை ஒரு துளி திருப்பினேன். கோடு முக்கால்வாசி கருத்தது. இன்னொரு துளி. முழுக்கக் கருத்தது. உடனே ஒரு பெரிய டம்ளரில் வெந்நீர் ஊற்றி, வைசரை அதன் மேல் பிடித்து, நூறு வரை எண்ணினேன். ஆவி ஓரத்தில் மட்டும் படிந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மனிதன் தனியாகச் சமையலறையில் கையை உயர்த்திக் குதித்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. இன்றைக்கு மூன்று மணி நேரமும் கண்ணாடி பளிங்கு. விழுந்தபோதுகூட வெள்ளைக் கோடு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்கிறீர்கள்!

அட, கிளவுஸ் விஷயத்தை விட்டுவிட்டேன். ஹேண்டிலைப் பிடிக்கும்போது முன்கை லேசாகக் கீழ்நோக்கி இருந்தால், தண்ணீர் ஜாக்கெட்டின் கை வழியாக இறங்கி நேராக கிளவுஸுக்குள் போகும். அதனால் கிளவுஸின் வாய் ஜாக்கெட் கைக்கு உள்ளே இருக்க வேண்டும். நான் எப்போதும் வெளியே போட்டுக்கொண்டு, கிளவுஸ் ஒழுகுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அது ஒழுகவில்லை, புனல் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தது நான்தான். ஷூவுக்கும் இதே கதை, பேன்ட்டின் கால் வெளியே, ஷூவின் வாய் உள்ளே. ரெயின்கோட் பேன்ட் மட்டும் இன்னும் ஜெயிக்க முடியவில்லை. உட்கார்ந்தால் மடியில் ஒரு குளம் கட்டுகிறது, அந்தக் குளத்துக்கு நேர் கீழேதான் தையல் ஓடுகிறது. இதை வடிவமைத்தவர் ஒரு தடவையாவது மழையில் உட்கார்ந்து ஓட்டியிருப்பாரா?

நடுவில் ஒரு இருபது நிமிடம் நிறுத்தினேன், அதையும் சொல்ல வேண்டும். இடி. டயர் ரப்பர்தானே, மின்னல் ஒன்றும் செய்யாது என்று இன்னமும் சொல்கிறார்கள். மேகத்திலிருந்து தரைவரை காற்றைப் பிளந்துகொண்டு வருகிற மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் எம்மாத்திரம்? காருக்குள் இருப்பவரைக் காப்பாற்றுவது சுற்றியிருக்கிற உலோகக் கூடு, சக்கரம் இல்லை. நமக்குக் கூடு கிடையாது. இடிச் சத்தம் காதில் விழுந்தால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடி வேண்டவே வேண்டாம்.

இண்டிகேட்டருக்குப் புதுசு சொல்லியாகிவிட்டது, ஷூ நாளைக்கே வாங்குகிறேன், வாங்கியதும் அடிப்பாகத்தைத்தான் முதலில் காட்டுவேன். முட்டியில் ஒரு சிராய்ப்பு, அதைக் காட்டமாட்டேன். இப்போது நான் எழுந்திருக்க வேண்டும், செயினில் இருந்த எண்ணெயை மழை மொத்தமாகக் கழுவிவிட்டது. துடைத்து எண்ணெய் போடாமல் தூங்கினால் காலையில் ஆரஞ்சு நிறத்தில் பல்லைக் காட்டும், அந்தச் சண்டையைத்தான் போன செயின் வீடியோவில் முக்கால் மணி நேரம் பார்த்தீர்களே. பழைய துணி எங்கே வைத்தேன்…