போனில் பதிந்த பேச்சு: வழக்குக்கு உதவுமா?

(இலங்கையின் ஹட்டனில் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த சட்ட விளக்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா என்று பல பக்கமிருந்தும் மழையோடு பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் யாரையாவது இழந்த குடும்பம் என்னிடம் வரும்போது, முதலில் மேசைக்கு வருவது கடதாசி இல்லை, போன். "சேர், இதைக் கேளுங்க. பிழை நடந்திருச்சுன்னு நர்சம்மாவே சொல்றாங்க." கேட்டு முடித்ததும் இரண்டு கேள்விகள் வரும். இதை வைத்து வழக்குப் போடலாமா? சொல்லாமல் பதிந்ததற்கு எங்களையே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தில்தான் பல பேர் பதிவை அழித்துவிடுகிறார்கள். யூடியூப்பில் யாரோ ஒருவர், எதிரில் இருப்பவர் சம்மதிக்காமல் பதிவு செய்தால் குற்றம் என்று சொல்லியிருப்பார். கலிபோர்னியாவில் இரகசியமான உரையாடலுக்கு அது சரி. அது நம் நாட்டுச் சட்டம் இல்லை. இங்கே 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க தொலைத்தொடர்புச் சட்டம் தடுப்பது, மற்றவர்கள் பேசுவதை இடையில் புகுந்து ஒட்டுக்கேட்பதை. நீங்களே பேசுகிற ஒரு கோலை நீங்களே பதிந்து வைத்தால், என் வாசிப்பில் அது இடையில் புகுவது ஆகாது. ஆனால் வார்டில் தலையணைக்குக் கீழே போனை ஒளித்து வைத்துவிட்டு வெளியே வந்து, இரண்டு டொக்டர்மார் தங்களுக்குள் பேசியதைப் பதிவது வேறு விஷயம். அங்கே உங்கள் பேச்சு எதுவும் இல்லை, பக்கத்துக் கட்டில் நோயாளியின் அந்தரங்கமும் அதில் விழும். அதைச் செய்யாதீர்கள்.

இந்தியாவில் இது பற்றி ஒரு பழைய தீர்ப்பு உண்டு. மல்கானி எதிர் மகாராஷ்டிர அரசு, 1972. நமக்கு அது ஏன் முக்கியம் என்றால், அந்த வழக்கே ஒரு மருத்துவ மரணத்தில் பிறந்தது. பம்பாயில் ஒரு டொக்டரின் நர்சிங் ஹோமில் சத்திர சிகிச்சைக்குப் பிறகு நோயாளி இறந்துபோகிறார். மரண விசாரணை அதிகாரியாக இருந்த மல்கானி, அறிக்கையைச் சாதகமாக எழுதித்தரப் பணம் கேட்கிறார். பொலிசார் இன்னொரு டொக்டரின் வீட்டுப் போனில் டேப் ரெக்கோர்டரைப் பொருத்தி, அவர் மல்கானியோடு பேசிய பேச்சைப் பதிகிறார்கள். பேசிய இருவரில் ஒருவர் சம்மதித்துத்தான் பதிவு நடந்தது, அதனால் அதைச் சாட்சியமாக எடுக்கலாம் என்றது இந்திய உச்ச நீதிமன்றம். கூடவே நிபந்தனைகளும் வைத்தது: பேச்சு வழக்கோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், குரல் யாருடையது என்று அடையாளம் காட்ட வேண்டும், பதிவை அழித்தோ திருத்தியோ இருக்கக் கூடாது.

நம் நாட்டில் அந்த வேலையைச் செய்ய ஒரு சட்டமே இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம். ஒரு விஷயத்தை வாயால் சாட்சி சொல்ல முடியும் என்றால், அது நடக்கும்போதே எடுத்த பதிவையும் சாட்சியமாக எடுக்கலாம் என்கிறது அது. கருவி ஒழுங்காக வேலை செய்திருக்க வேண்டும். பதிவில் கை வைத்திருக்கக் கூடாது, அல்லது யாரும் கை வைக்க முடியாதபடி பத்திரமாக வைத்திருந்திருக்க வேண்டும். அப்புறம் 45 நாள் விதி. வழக்கு விளக்கத்துக்கு எடுக்கும் திகதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன்பே, எதிர்த்தரப்புக்கு அறிவித்து, பட்டியலையும் பிரதியையும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். அறிவித்தல் கிடைத்து 15 நாட்களுக்குள் அவர்கள் பதிவையும் அதை எடுத்த கருவியையும் பார்வையிடக் கேட்கலாம்.

கருவி என்றால் உங்கள் போன்தான். இங்கேதான் நல்ல பதிவுகள் வீணாகின்றன. போனை விற்றுவிடுவார்கள், அல்லது மகனிடம் கொடுத்து அவன் ரீசெட் செய்திருப்பான். மீதி இருப்பது வட்ஸ்அப்பில் மாமா அனுப்பி, சித்தி அனுப்பித் திரும்பி வந்த ஒரு துண்டு. அதையும் "முக்கியமான இடம் மட்டும்" என்று வெட்டியிருப்பார்கள். முன்னால் என்ன கேட்டீர்கள், பின்னால் அவர் என்ன விளக்கம் சொன்னார் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. ஆகவே போனை அப்படியே வையுங்கள். முழுப் பதிவையும் வெட்டாமல் வையுங்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, யார் யாரை அழைத்தது என்று அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள். பேஸ்புக்கில் போடவே வேண்டாம். உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது, ஊருக்குத் தெரியவேண்டும் என்ற கோபமும் புரிகிறது. ஆனால் அங்கே போட்ட அடுத்த நாளே மானநஷ்ட வழக்கில் நீங்கள் எதிராளி ஆகலாம், 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் முறைப்பாடும் வரலாம்.

சரி, இப்போது முதல் கேள்வி. பதிவு நீதிமன்றத்துக்குள் போய்விட்டது, வழக்கு வென்றதா? இல்லை. இதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை.

குழந்தை வைத்தியரான பேராசிரியர் பிரியானி சொய்சாவின் வழக்கைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் படிப்பார்கள். ஒரு சின்னப் பிள்ளைக்கு மூளைத்தண்டில் கட்டி இருந்தது. அதை வேறு நோய் என்று எடுத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். பிள்ளை இறந்தது. தகப்பன் அந்தப் பேராசிரியர் மீது வழக்குப் போட்டார், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுத்தது. வழக்கு மேலே மேலே போய் 2001இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் முடிந்தபோது தகப்பனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கவனயீனம் இருந்தாலும், அந்தக் கவனயீனத்தால்தான் பிள்ளை இறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். அந்தத் தகப்பனை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் சட்டம் அதுதான்.

உங்கள் போனில் "பிழை நடந்திருச்சு" என்ற குரல் இருக்கலாம். அது என்ன பிழை, நேரத்துக்குச் சரியாகச் செய்திருந்தால் உயிர் தப்பியிருக்குமா என்பதை அந்தக் குரல் சொல்லாது. அதைச் சொல்ல இன்னொரு விசேட வைத்தியர் வேண்டும், அவர் பார்க்கக் கடதாசி வேண்டும். அந்த நர்ஸ் சொன்னது ஆஸ்பத்திரியைக் கட்டுப்படுத்துமா என்பதும் தனி வாதம். சமாதானம் பேசும்போது "இதை வழக்கில் காட்டக் கூடாது" என்ற நிபந்தனையோடு சொன்னதை, சிவில் வழக்கில் ஒப்புதலாகக் காட்ட சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு விடாது.

அதனால் பதிவை விடப் பெரியது பெட் ஹெட் டிக்கட், அதாவது வார்டில் நோயாளிக்கு நடந்ததை எழுதும் ஆஸ்பத்திரிக் கடதாசி. எத்தனை மணிக்கு டொக்டர் பார்த்தார், என்ன மருந்து ஏற்றினார்கள், எப்போது வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னார்கள், எல்லாம் அதில்தான் இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒருவரின் மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்க மறுக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே நோயாளி உயிரோடு இருந்தால் அவர் கையொப்பத்தோடு கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்தாக வேண்டும். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், வெளியில் வாங்கிய மருந்தின் பில், எதையும் எறியாதீர்கள்.

பதிவு செய்யத்தான் வேண்டும் என்றால், கேட்டுவிட்டே செய்யலாமே என்பது என் அபிப்பிராயம். "டொக்டர், மகன் கொழும்பில் வேலை செய்கிறான், நீங்கள் சொல்வது எனக்கு முழுக்க விளங்கவில்லை, அவனும் கேட்கட்டும், பதிந்துகொள்ளட்டுமா?" இப்படிக் கேட்டால் பல டொக்டர்மார் நின்று, மெதுவாக விளக்குவார்கள். அவர்களும் களைத்துப்போன மனிதர்கள். ஒவ்வொரு கோலிலும் ஒரு பொறி இருக்கிறது என்று பயந்தால் நம் ஆட்களிடம் வாயே திறக்கமாட்டார்கள், அந்த நட்டமும் நமக்குத்தான். மொழி தெரியாத ஒரு அம்மா, சிங்களத்தில் சொன்னதைப் பிறகு யாரிடமாவது கேட்டு விளங்கிக்கொள்ளப் பதிவதை நான் ஒருநாளும் தப்பு என்று சொல்லமாட்டேன். வழக்கில் அந்தப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படும். நீதிமன்றத்தில் தமிழில் பேசவும், நடப்பதைத் தமிழில் விளங்கிக்கொள்ளவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

கடைசியாகக் காலம். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம், அவ்வளவுதான். அரசாங்கத்துக்கு எதிராக என்றால் ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும், அதையும் அந்த இரண்டு வருடத்துக்குள் கணக்குப் பார்க்க வேண்டும். அடிப்படை உரிமை மனு என்றால் ஒரே மாதம். கருமாதி முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிவைத்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் தொழிலில் எனக்குப் பிடிக்காத வேலை. காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

இப்போது கேள்விகள் கேட்கலாம். பதிவு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இங்கே சத்தமாகப் போட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் அந்தப் பக்க மேசைக்குக் கடதாசிகளோடு வாருங்கள்.