இரவெல்லாம் மெல்லட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி சொல்வோம். குதிரை என்றாலே நம் ஊரில் கொள்ளுதான் நினைவுக்கு வருகிறது. சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் நான்கு குதிரைகளை வைத்துப் பராமரித்து வருகிறேன். லாயத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே, “கொள்ளு எவ்வளவு வைப்பீர்கள்?” என்பதுதான். புல்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் இன்றைக்குப் பேச வந்தது அந்தப் புல்லைப் பற்றி, அதைக் குதிரைக்கு எப்படி வைப்பது என்பதைப் பற்றி.

மாடு வளர்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மாடு மளமளவென்று மேய்ந்துவிட்டு வந்து படுத்து அசைபோடும். மேயாத நேரத்திலும் அதன் வாய் மென்றுகொண்டிருக்கும், எச்சில் ஊறிக்கொண்டிருக்கும். குதிரை அசைபோடாது. அதன் இரைப்பை அவ்வளவு பெரிய உடம்புக்கு மிகவும் சின்னது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அந்த இரைப்பையில் அமிலம் ராப்பகலாகச் சுரக்கும். தின்றாலும் சுரக்கும், தின்னாவிட்டாலும் சுரக்கும். அமிலத்தைத் தணிக்கிற எச்சிலோ, மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஆக, வாய் ஓய்ந்தால் வயிறு எரிய ஆரம்பிக்கும். மேய்ச்சலில் விட்டுப் பாருங்கள், ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் மேயும்.

இப்போது நம் லாயங்களுக்கு வருவோம். மாலை ஆறு மணிக்கு மூன்று கிலோ காய்ந்த புல்லைத் தரையில் போடுகிறோம். எட்டு மணிக்குள் காலி. மறுபடி காலை ஆறு மணிக்குத்தான் ஆள் வருவார். நடுவில் பத்து மணி நேரம் அந்த உயிர் என்ன செய்யும்?

என் செவலைப் பெட்டை கதவைத் தின்றது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த குதிரை அது. அதன் அறைக் கதவின் மேல்பலகையில் பிறை பிறையாகக் கடித்த தடம் இருக்கும். தினமும் காலையில் மரத்தூளைக் கூட்டி அள்ளுவோம். கெட்ட பழக்கம் என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினேன். இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு வலிக்கிறது. கொள்ளைப் பாதியில் விட்டுவிட்டு விலகி நிற்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார். இரைப்பையின் மேல்பாதி முழுக்கப் புண். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார்: “மருந்து ஆற்றிவிடும்மா. ஆனால் ராத்திரி வயிறு காலியாகவே கிடந்தால் திரும்ப வரும்.”

அப்படித்தான் புல் வலை எங்கள் லாயத்துக்கு வந்தது. தடித்த நூலில் பின்னிய பை. உள்ளே காய்ந்த புல்லை அடைத்துக் கட்டிவிட்டால், சின்னச் சின்னக் கண்கள் வழியாகக் குதிரை உதட்டால் துழாவி, நாலைந்து தாளாகத்தான் இழுத்துத் தின்ன முடியும். புல்லின் அளவு குறையவில்லை, தின்னும் நேரம்தான் நீள்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு வேளைப் புல்லைத் தரையில் போட்டபோது குதிரைகள் சுமார் 3 மணி நேரத்தில் முடித்துவிட்டன. கண் 15 செ.மீ. இருந்த வலையிலும் ஏறக்குறைய அதே கதைதான். 4.4 செ.மீ. கண்ணில் 5 மணி நேரம் ஆனது. 3.2 செ.மீ. கண்ணில் ஆறரை மணி நேரம். பெரிய கண் வலையைக் கட்டிவிட்டு, “வலை போட்டும் பயனில்லை” என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வலைக்காக நான் தூரத்துக்கெல்லாம் போகவில்லை. பக்கத்துக் குப்பத்தில் வலை பின்னுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். “கண்ணு எவ்வளவு வேணும்மா?” என்று கேட்டார். “நாலு சென்டிமீட்டர் வையுங்கய்யா” என்றேன். அழகாகப் பின்னித் தந்தார். அன்றைக்கு இரவு செவலை அந்த வலையோடு சண்டை போட்டது. இரண்டு தாள் இழுக்கும், தரையைப் பிறாண்டும், வலையையே கவ்வி உதறும். மறுநாள் வலையைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரியவர் ஒரு கண்ணை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு அளந்து காட்டினார். மீன் வலைக்கு அப்படி இழுத்துத்தான் அளப்பார்களாம். இழுத்தால் நாலு என்றால், சதுரமாக விரித்தால் பக்கத்துக்கு இரண்டுதான்! என் கணக்குக்கு அவர் கணக்கில் எட்டு. நீங்கள் யாரிடமாவது பின்னச் சொன்னால் இதை மறக்காதீர்கள். அப்புறம், நூல். தூண்டிலுக்குப் போடுகிற ஒற்றை இழை நைலானான தங்கூசியில் பின்னிய வலை வேண்டவே வேண்டாம், உதட்டையும் ஈறையும் அறுத்துவிடும். தடித்த முறுக்கு நைலான்தான் சரி.

புதிதாகக் கட்டும்போது முதல் வாரம் கண் பெரிய வலையாகக் கட்டுங்கள், பக்கத்திலேயே கொஞ்சம் புல்லை உதிரியாகவும் போடுங்கள். பசியோடு நிற்கிற குதிரைக்கு முன்னால் புதுப்பூட்டைத் தொங்கவிட்டால் அது கோபப்படத்தான் செய்யும்.

கட்டும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. லாடம் அடித்த குதிரை தரையில் கிடக்கிற வலையை மிதித்தால், லாடத்தின் பின்முனையில் கண் மாட்டிக்கொள்ளும். மிரண்டு இழுத்தால் கால் போய்விடும். அதனால் லாடம் அடித்த குதிரைக்கு, வலை காலியாகித் தொங்கும்போதும் அதன் அடி குதிரையின் மார்பு உயரத்துக்குக் கீழே இறங்காமல் கட்ட வேண்டும். சுவர் வளையத்தில் நேராகக் கட்டாமல், வளையத்தில் ஒரு சணல் கயிற்றைப் போட்டு அதில் கட்டினால் ஆபத்து நேரத்தில் சணல் அறுந்து குதிரையை விட்டுவிடும். லாடம் இல்லாத குதிரைக்கு நான் தரையோடு இருக்கிற மரப்பெட்டிக்குள் வலையைப் பொருத்திவிடுகிறேன். தலையைக் குனிந்து தின்பதுதான் அதற்கு இயல்பு. தூசு மூக்கில் ஏறாது. எங்களைப் போல மணல் தரையில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. தரையில் சிந்திய புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போய்க் குடலில் தங்குவது குறைகிறது. குட்டி இருக்கிற அறையில் மட்டும் வலை கட்டவே வேண்டாம். பல் விழுந்த கிழட்டுக் குதிரையையும் இதில் போட்டு வதைக்காதீர்கள்.

எதை அடைப்பது என்றும் கேட்பார்கள். நீளமான காய்ந்த புல்தான். நறுக்கிய பச்சைத் தீவனம் கண் வழியாகக் கொட்டிவிடும். நெல் வைக்கோலை மட்டும் நம்பாதீர்கள். அதில் சத்தும் குறைவு, குடலில் அடைத்துக்கொள்ளவும் கூடும். குதிரை மசால் என்று தமிழில் பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனம் ஒன்று உண்டு. அதன் இலை காய்ந்ததும் உதிர்ந்துவிடும் என்பதால் நான் அதை வலையில் போடாமல், சவாரிக்கு முன்னால் தொட்டியில் இரண்டு கைப்பிடி வைக்கிறேன். வயிற்று அமிலத்துக்கு அது நல்லது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். எங்கள் மட்டக்குதிரை ரொம்பக் கொழுத்துக் குளம்பு நோவு வந்தபோது பலரும் புல்லைக் குறை என்றார்கள். பட்டினி போட்டால் மட்டக்குதிரைக்கு வேறு வியாதி வரும். அதற்கான புல்லை மருத்துவர் சொன்ன எடைக்கு நிறுத்து, அரைமணி நேரம் வலையோடு தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி எடுத்து, வடியவிட்டுக் கட்டினோம். சர்க்கரைச் சத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். நம் வெயிலில் நனைந்த புல் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால், மிச்சத்தை அன்றன்றைக்கே எறிந்துவிட வேண்டும்.

மற்றபடி, சும்மா பார்வைக்கு அள்ளிப் போடாமல் கொக்கித் தராசில் நிறுத்துக் கட்டுகிறோம். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 8 கிலோ. அதில் ஐந்து கிலோவை இரவுக்கு ஒதுக்கி, இரண்டு வலைகளாக இரண்டு மூலையில் கட்டுகிறோம். ஒன்றில் தின்றுவிட்டு நடந்து போய் மற்றதில் தின்னும். இரவு பதினோரு மணிக்கு லாயப்பக்கம் போனால் இருட்டில் ‘கறுக் கறுக்’ என்று நான்கு வாய்களும் மெல்லுவது கேட்கும். செவலையின் கதவுக்குப் புதுப் பலகை போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் பல் படவில்லை.

காலையில் ஆள் முதலில் பார்ப்பது வலையைத்தான். நூல் எங்காவது அறுந்திருந்தால் அப்போதே முடிச்சுப் போட்டுவிடுவார். செவலையின் வலையடியில் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தால் அளவு சரி. துடைத்த மாதிரி இருந்தால் அடுத்த இரவு அரைக்கிலோ கூட்டிக் கட்டுவோம்.

நன்றி, வணக்கம்.