பாலிஷ் போடும்போது காம்பவுண்ட் தெறிக்கிறதா?

அடுத்த கேள்வி. "வீட்டிலேயே காருக்குப் பாலிஷ் போட பஃபிங் மெஷின் வாங்கினேன். ஸ்விட்ச் போட்டதும் காம்பவுண்ட் (பாலிஷ் பசை) தெறித்து கண்ணாடி, சுவர், சட்டை என்று எங்கும் தெறிக்கிறது. வேகத்தைக் குறைத்தால் சரியாகுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேகமும் ஒரு காரணம்தான். ஆனால் பெரும்பாலும் தெறிப்பது, பேட் (மெஷின் முனையில் சுற்றித் தேய்க்கும் மெத்தை) காரைத் தொடும் முன்பே ஸ்விட்ச் போடுவதால். மெஷின் ஓடாமல் இருக்கும்போதே காம்பவுண்ட் வைத்த பேட்டை பானெட்டில் நாலைந்து இடத்தில் ஒற்றி எடுங்கள். அப்புறம் பேட்டைத் தட்டையாக வைத்து, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, காம்பவுண்ட் பரவிய பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். ரோட்டரி மெஷின் (பேட் ஒரே அச்சில் மட்டும் சுற்றுவது) என்றால் 600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 600 சுற்று) பரப்பி, 1200 முதல் 1500க்குள் தேய்த்தால் போதும். முடிக்கும்போது பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்விட்சை அணைத்தாலும் பேட் கொஞ்ச நேரம் சுற்றும். அது முழுதாக நின்ற பிறகே தூக்க வேண்டும்.

அடுத்தது அளவு. இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்குப் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். நிறைய ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியாது, பேட்தான் அடைத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் பறக்கும். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் பேட்டை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். வெயிலில் சுட்ட காரில் மட்டும் வேண்டவே வேண்டாம். காம்பவுண்ட் உடனே காய்ந்து பொடியாகக் கிளம்பும்.

கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், லோகோ எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வைப்பர் பக்கத்தைப் பழைய துண்டால் மூடுங்கள். ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டால் அது பெயிண்டில் உரசாது.

ஓரங்களில் ரொம்பக் கவனம் வேண்டும். அங்கே பெயிண்ட் மெல்லியது. பேட் ஓரத்தைத் தாண்டி வெளியே போகிற பக்கமாகச் சுற்ற வேண்டும். வெளியிலிருந்து ஓரத்தில் வந்து மோதக் கூடாது. கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு) பொதுவாக 40, 50 மைக்ரான்தான் இருக்கும். அது தேய்ந்து போனால் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ரோட்டரியை விட டிஏ (டூயல் ஆக்‌ஷன், பேட் சுற்றிக்கொண்டே இடம் மாறி அசைவது) மெஷின்தான் நல்லது என்பது என் கருத்து.

பீடிங்கில் காம்பவுண்ட் ஏற்கெனவே வெள்ளையாகக் காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள். ஆல் பர்பஸ் கிளீனரைத் தண்ணீர் கலந்து தெளித்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.