மனசை விடுங்கள், மணியைப் பாருங்கள்!

நடுவர் அவர்களே, வேலூர் வெயிலுக்கும் அசராமல் உட்கார்ந்திருக்கும் பெருமக்களே, வணக்கம்.

வேலை அழுத்தம் குறையப் பெரிதும் உதவுவது நேர அட்டவணையா, மன உறுதியா என்பது தலைப்பு. எதிரணி அம்மா என்ன சொன்னார்? “ஆம்பூர் ஷூ கம்பெனியில் அட்டவணை போட்டு என்ன பயன்? சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தால் எல்லாம் போச்சு, மனசுதான் தாங்கணும்” என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, அந்தக் கம்பெனிக்கே போவோம்.

அந்த மெயில் எத்தனை மணிக்கு வரும்? ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. ஆக, பையரின் ஆர்டரைக் கவனிக்கும் நம் மெர்ச்சண்டைசருக்குக் காலை நேரம் முழுக்க பையர் தொல்லை இல்லை. அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார்? நேற்றைய மெயிலுக்குப் பதில், நடுவில் வாட்ஸ்அப், 11 மணிக்கு மீட்டிங். செலவுக் கணக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டைத் திறக்கும்போது ஜெர்மனிக்காரர் சீட்டுக்கு வந்துவிடுகிறார்! இதில் மன உறுதி எங்கே குறைந்தது ஐயா?

9 முதல் 11 வரை காஸ்டிங், போன் டிராயருக்குள். மீட்டிங்கை 12 மணிக்குத் தள்ளுங்கள். பிற்பகலில் ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். அவசர வேலை வரும் என்று தெரிந்தே விடுகிற இடம் அது. எதிரணியினர் அட்டவணை என்றதும் எட்டு பீரியடும் நிரம்பிய பள்ளிக்கூட டைம்டேபிளை நினைத்துப் பயந்துவிட்டார்கள் போல.

ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவினால், கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று 2009-இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் எழுதினார். விடியற்காலையில் தியானம் செய்துவிட்டு வந்தவரையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

“தையல் லைனில் இருப்பவருக்கும் ஷிப்ட் பார்க்கும் நர்ஸுக்கும் நேரம் அவர்கள் கையிலா இருக்கிறது?” என்றும் எதிரணி அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இல்லைதான். ஆனால் அவர்களுக்கும் வேண்டியது அட்டவணைதானே! அதை மேலே இருப்பவர் ஒழுங்காகப் போட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வார டியூட்டியை இந்த வாரமே ஒட்டிவிட்டால், பிள்ளையை யார் பள்ளியில் விடுவது என்ற வீட்டுச் சண்டையே பாதி குறையும். முந்தின நாள் இரவு டியூட்டியை மாற்றிவிட்டு “மனசைத் திடமா வச்சுக்கம்மா” என்பது நிர்வாகத்துக்குக் காசு செலவில்லாத யோசனை. அந்த யோசனைக்கா நடுவர் அவர்களே, நீங்கள் தீர்ப்புக் கொடுக்கப் போகிறீர்கள்?