அரைக் கட்டை இறக்கி

நேயர்களுக்கு வணக்கம்.

நாங்கள் ஏழு பேர். 1987-லிருந்து மூன்று வருஷம் திருச்சியில் ஒன்றாகப் படித்தோம், ஒரே மெல்லிசைக் குழுவில் வாசித்தோம். படிப்பு முடிந்ததும் வேலை, கல்யாணம், மாற்றல் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். என் பேஸ் கிடார் அம்மா வீட்டுப் பரணில் ஏறியது. முப்பது வருஷம் அங்கேயே கிடந்தது.

2020 செப்டம்பர் 25, எஸ்.பி.பாலசுப்ரமணியம் மறைந்த நாள். அன்று சாயங்காலம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய போட்டோ வந்தது. மாரியம்மன் கோயில் திருவிழா மேடை, ட்யூப் லைட் வெளிச்சம், மீசை அரும்பிய வயதில் நாங்கள். கீழே ஒரே வரி: "இன்னும் யார் யார்கிட்ட வாத்தியம் இருக்கு?"

கொரோனா அடங்கி ஒன்றாக உட்கார 2022 ஆகிவிட்டது. எங்கள் தபேலாக்காரருக்கு அரிசி வியாபாரம். காந்தி மார்க்கெட் பக்கம் இருக்கும் அவருடைய குடோனில்தான் ஞாயிற்றுக்கிழமை ரிகர்சல். சுற்றிலும் மூட்டை அடுக்கியிருப்பதால் சத்தம் சுவரில் மோதித் திரும்பாது. வாசிப்பது அப்படியே சுத்தமாகக் காதில் விழும். அதைவிட நல்ல இடம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

சொந்தமாக நாங்கள் மெட்டுப் போடவில்லை. 1980-களின் சினிமாப் பாட்டை, இசைத்தட்டில் உள்ளபடி வாசிக்கப் பார்க்கிறோம், அவ்வளவுதான். இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. சினிமாவில் பேர் வாங்கும் முன்பு எஸ்.பி.பி. நடத்திய மெல்லிசைக் குழுவில் கிடாரும் ஹார்மோனியமும் வாசித்தவர் இளையராஜா. அவர்களும் அடுத்தவர் பாட்டை மேடையில் வாசித்து வாசித்துத்தான் வளர்ந்தார்கள்.

சரி, முதல் ரிகர்சலுக்கு வருகிறேன். எடுத்தது ஒரு டூயட், ஐந்து கட்டையில் அமைந்தது. கட்டை என்றால் சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; எண் ஏற ஏற சுருதி உயரும். பல்லவி ஒழுங்காகப் போனது. சரணத்தில் மேலே போகும் இடத்தில் எங்கள் பாடகனுக்குக் குரல் எட்டவில்லை. மூன்று தடவை முயன்றான். நாலாவது தடவை மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டான். கல்லூரியில் அதே இடத்துக்குத்தான் அவனுக்குக் கைதட்டல் விழும்.

கட்டையை இறக்கலாம் என்று யாருக்கும் வாய்விட்டுச் சொல்ல மனமில்லை. கடைசியில் எங்கள் பாடகிதான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்திய குரல் அவருடையது. "என் குரலும் பழைய குரல் இல்லப்பா. இன்னிக்கு இருக்கிற தொண்டைக்குப் பாடுவோம்."

கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் டூயட்டில் ஆண் குரலும் பெண் குரலும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அவனுக்கு நாலு கட்டை வந்தால் சுகம். நாலுக்குப் போனால் பாடகிக்குப் பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் காற்றாகப் போய்விடும். இரண்டு ஞாயிறு பேசிப் பேசி நாலரையில் வந்து நின்றோம். கீபோர்டுக்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதும். தபேலாவைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்க வேண்டியிருந்தது. கிடார்காரர் ஆறு தந்தியையும் அரைக் கட்டை தளர்த்தினார். புல்லாங்குழலுக்கு அந்த வழியெல்லாம் கிடையாது, வேறு குழலே வேண்டும். அவர் நாலரைக் கட்டைக் குழல் ஒன்று வாங்கிவந்து, அது வாய்க்குப் பழகும்வரை ஒரு மாதம் தினமும் விடியற்காலையில் ஊதினார். ஒருவன் தொண்டைக்காக ஆறு பேர் கையை மாற்றிக்கொண்டோம். இருபது வயதில் நாங்கள் இதைச் செய்திருக்க மாட்டோம். பாட முடியாதவனை மாற்றியிருப்போம்.

அப்புறம் என் கதை. அந்தக் காலத்தில் கடையில் லிஸ்ட் கொடுத்து 90 நிமிஷ கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்குவோம். டேப் தேயும்வரை ரீவைண்ட் செய்து பாடம் பண்ணுவோம். பேஸ் கிடாரின் அடித் தந்தி நொடிக்கு 41 தடவைதான் அதிரும். எங்கள் டேப் ரெக்கார்டரில் இருந்த கையகல ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் வராது. பாதி காதில் விழும், மீதியை ஊகித்து வாசிப்பேன். ஊகித்ததே எனக்குப் பாட்டாகிவிட்டது.

இப்போது ஹெட்போன் இருக்கிறது. சுருதி மாறாமல் பாட்டின் வேகத்தைப் பாதியாக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. ஒருநாள் ராத்திரி அதே டூயட்டை அப்படிப் போட்டுக் கேட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முந்தைய இசையில், தாளத்தின் முதல் அடியில் பேஸ் இல்லவே இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டாவது அடியிலிருந்துதான் நடக்க ஆரம்பிக்கிறது. நான் மூன்று வருஷமும் அந்த முதல் அடியில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. ஆயிரம் தடவை கேட்டதாக நினைத்த பாட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்த அடியை விட்டு வாசித்தேன். தபேலாக்காரர் கையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை நாளும் என் சத்தத்தை நீ மூடிட்டு இருந்திருக்கடா" என்றார். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். அன்றைக்கு அந்த ஒரு பாட்டை மட்டும்தான் வாசித்தோம்.

போன பொங்கலுக்கு உறையூரில் ஒரு தெரு விழாவில் மேடை ஏறினோம். டிராக், அதாவது முன்பே பதிந்த பின்னணி இசையைப் போட்டுப் பாடச் சொல்லித்தான் கேட்டார்கள். செலவு குறைவு, இடமும் குறைவு. வாத்தியத்தோடுதான் வருவோம் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்தோம்.

அந்த டூயட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் காற்றில் பாடகனின் நோட்டுப் பக்கம் புரண்டுவிட்டது. வரி தெரியாமல் பக்கத்தைத் தள்ளித் தள்ளித் தேடுகிறான். அவன் ஆரம்பிக்க வேண்டிய இடம் கடந்து போய்விட்டது. டிராக்காக இருந்தால் அவனை விட்டுவிட்டு ஓடியிருக்கும். தபேலாக்காரர் என் பக்கம் லேசாகத் தலையசைத்தார். அந்த இசைத் துண்டையே இன்னொரு சுற்று வாசித்தோம். குழல்காரரும் புரிந்துகொண்டு எங்களோடு வந்துவிட்டார். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. சுற்று முடிகிற நேரத்தில் பாடகனுக்குப் பக்கம் கிடைத்து நிமிர்ந்தான். நான் கையை எடுத்துக்கொண்டேன். காலியான அந்த முதல் அடியில் தபேலாவின் ஒரே ஒரு தட்டு விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவன் சரணத்துக்குள் வந்துவிட்டான்.

நன்றி, வணக்கம்.