ஊகம் சுவையைக் கூட்டுகிறது: சேலம் பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், விடுமுறை நாள் மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் சேலத்து மக்களுக்கும் வணக்கம்.

வரப்போகும் வீடியோ கேமில் சண்டை எப்படி இருக்கும் என்று ரசிகர்கள் முன்கூட்டியே ஊகிப்பது ஆட்டத்தின் சுவையைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? இதுதான் தலைப்பு. கூட்டுகிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை, ஊகம் வெட்டி வேலை என்றார். ஊகித்தால் ஆச்சரியம் போய்விடும் என்றார். ஊகித்தது கிடைக்காவிட்டால் ஏமாற்றம்தான் மிச்சம் என்றார். நன்றாகவே பேசினார். ஆனால் ரசிகர்கள் உட்கார்ந்து என்னதான் யோசிக்கிறார்கள் என்பதை அவர் சொல்லவே இல்லை. அதை நான் பிரித்துக் காட்டுகிறேன்.

2024 டிசம்பரில் ‘தி விட்சர் 4’ கேமின் முன்னோட்டம் வந்தது. போலந்து நாட்டு சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் உருவாக்குவது. முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்: விட்சர் என்பவர் கூலி வாங்கிக்கொண்டு பூதங்களை வேட்டையாடுபவர். மனிதரோடு மோத எஃகு வாள், பூதத்தோடு மோத வெள்ளி வாள், இரண்டையும் சுமந்து திரிவார். உருக்காலையும் கொலுசுப் பட்டறையும் இருக்கிற ஊரில் எஃகைப் பற்றியும் வெள்ளியைப் பற்றியும் நான் சொல்ல வேண்டியதில்லை.

2015இல் வந்த மூன்றாம் பாகத்தில் நாயகன் கெரால்ட். புதியதில் அவர் மகளைப் போல வளர்த்த சிரிதான் நாயகி. முன்னோட்டத்தில் அவள் விட்சர்களின் மருந்தைக் குடிக்கிறாள். வாளோடு ஒரு சங்கிலியையும் வீசிப் பூதத்தை மடக்குகிறாள். சில நிமிடக் காட்சி, அதுவும் யாரோ ஆடிப் பதிவு செய்தது இல்லை, முன்கூட்டியே தயாரித்த படம். அதை வைத்து ரசிகர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் பாகத்திலும் சில கட்டங்களில் சிரியாக ஆடலாம். அங்கே அவளுக்கு மருந்து கிடையாது. விட்சர்கள் கையால் போடும் மந்திரக் குறிகளும் கிடையாது. பிறவியிலேயே வந்த சக்தியால் நின்ற இடத்தில் மறைந்து வேறு இடத்தில் தோன்றுவாள். அடிபட்டாலும் உயிர் தானாக ஏறும். கெரால்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குவென் என்ற கவசக் குறியைப் போட்டால் ஸ்டாமினா, அதாவது உடம்பின் தெம்பு, கரையும். மறுபடி நிரம்பும்வரை விலகியும் உருண்டும்தான் பிழைக்க வேண்டும்.

இப்போது சிரி விட்சராகவே மாறிவிட்டாள். இரண்டு பலத்தையும் அவளிடமே கொடுத்தால் என்ன ஆகும்? நினைத்த நேரத்தில் மறைய முடியுமென்றால் கவசக் குறி எதற்கு? பூதம் எந்தக் கையை ஓங்குகிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். சண்டையே செத்துவிடும். அதனால், விட்சராக மாறியதில் பழைய சக்தி போயிருக்கும் என்கிறார்கள் ஒரு சாரார். இருக்கும், ஆனால் பெரிய விலை கொடுத்து எப்போதாவதுதான் பயன்படுத்த முடியும் என்கிறார்கள் இன்னொரு சாரார். நான் இரண்டாவது கட்சி.

நடுவர் அவர்களே, ஒரு திறமையைக் கொடுத்தால் அதற்கு என்ன விலை வைப்பது என்று யோசிப்பதுதான் கேம் வடிவமைப்பவர்களின் அன்றாட வேலை. அதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் யாரும் சொல்லித் தராமல் செய்கிறான். இதையா வெட்டி வேலை என்பது?

அடுத்து அந்தச் சங்கிலி. இதைப் பற்றி நானும் நண்பர்களும் தட்டுவடை செட் கடை வாசலில் நின்று அடித்துக்கொண்டோம். எங்களில் ஒருவன் சிலம்பம் கற்றவன். சுருள் வாளை யோசித்துப் பாருங்கள் என்றான். அது சுழலும்வரை யாரும் கிட்டே வர முடியாது. ஆனால் வளைகிற தகட்டை வைத்து எதிராளியின் அடியைத் தடுக்க முடியாது. பாதிச் சுற்றில் நிறுத்தித் திசை மாற்றுவதும் லேசில்லை. வேகம் குறைந்தால் தகடு தொய்ந்து சுற்றுகிறவர் மேலேயே விழும். அதனால் மணிக்கட்டு ஓயக் கூடாது, காலடியும் பிசகக் கூடாது. பேசும்போதே காலி பேப்பர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையால் சுற்றிக் காட்டினான். கை மேலே போய்த் திரும்பும் இடத்தில் நிறுத்தி, “இந்த இடத்தில்தான் அடி வாங்குவோம்” என்றான்.

அதிலிருந்து வந்ததுதான் என் ஊகம். சங்கிலி தூரத்தில் இருப்பதை இழுக்கவும் கட்டவும் உதவும். ஆனால் வீசியது கைக்குத் திரும்பும்வரை சிரிக்குத் தற்காப்பு இருக்காது. ஒற்றைப் பூதத்திடம் கைகொடுக்கும், நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டால் காலை வாரிவிடும்.

இது தப்பாகப் போகலாம். போகட்டும். கேம் வந்த பிறகு, நான் நினைத்ததை விட்டு இவர்கள் ஏன் வேறு மாதிரி வைத்தார்கள் என்ற கேள்வியோடு ஒவ்வொரு வீச்சையும் கவனிப்பேன். எதையும் யோசிக்காமல் பட்டனைத் தட்டுகிறவருக்கு அந்தக் கேள்வி வருமா? ஊகம் தரும் சுவை அங்கேதான் இருக்கிறது.

ஆச்சரியம் போய்விடும் என்றார் தங்கை. நிண்டெண்டோ நிறுவனத்தின் செல்டா கேம் வரிசையைப் பார்ப்போம். 2017இல் வந்த பாகத்தில் ஆயுதங்கள் அடிக்க அடிக்க உடையும். அடுத்த பாகத்துக்காக 2021இல் வந்த காட்சியில், முள் உருண்டை ஒன்று வந்த வழியே மேலே திரும்பிப் போனது. காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் சக்தி வருகிறது என்று ரசிகர்கள் அப்போதே பிடித்துவிட்டார்கள். அது சரியாகவே இருந்தது. உடையும் ஆயுதங்கள் என்ன ஆகும் என்றும் ஓயாமல் வாதாடினார்கள். 2023 மார்ச்சில் தயாரிப்பாளரே ஆடிக் காட்டினார். ஆயுதம் இப்போதும் உடையும், ஆனால் ஒரு குச்சியோடு பாறாங்கல்லை ஒட்டவைத்துச் சுத்தியலாக்கலாம்! உடைவதை எடுப்பார்களா, வைப்பார்களா என்று இரண்டே வழிகளில் யோசித்தவர்களுக்கு மூன்றாவது வழியைக் காட்டினார்கள். ஊகித்தவர்களுக்குத்தான் அந்த ஆச்சரியத்தின் முழு அளவும் தெரிந்தது.

ஏமாற்றம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ கேமின் முடிவில் இடிக் கடவுளான தோர் வந்து நிற்பார். அடுத்த பாகத்தில் அவருடைய சுத்தியல் நாயகன் கைக்கு வரும் என்று பலர் நம்பினார்கள். 2022இல் வந்தது ஒரு ஈட்டி. நார்டிக் புராணத்தில் டிராப்னிர் என்று ஒரு மோதிரம் உண்டு. ஒன்பது இரவுக்கு ஒருமுறை அதிலிருந்து எட்டு மோதிரங்கள் உதிரும். அந்த மோதிரத்திலிருந்து செய்த ஈட்டி என்பதால், எறிய எறியப் புதிது வந்துகொண்டே இருக்கும். புராணத்தில் மோதிரத்தைச் செய்த கொல்லர்கள் 2018 பாகத்திலேயே நம் எதிரில் நின்றவர்கள்! சுத்தியல் கிடைக்கவில்லைதான். ஆனால் கண்ணெதிரே இருந்த விடையை எப்படித் தவறவிட்டோம் என்று ரசிகர்கள் பழைய பாகத்தை மறுபடி எடுத்து ஆடினால், அதை ஏமாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் ஆள் சொன்னார் என்று கிளப்பிவிடுவது வதந்தி. நினைத்தது வரவில்லை என்று உருவாக்கியவர்களைத் திட்டுவது அநாகரிகம். இரண்டையும் எதிரணியோடு சேர்ந்து நானும் கண்டிக்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். புதிய கேம் ஒன்று வெளிவரும்போது பல ஆயிரம் ரூபாய். ஆட வேண்டிய கருவி அதைவிடப் பல மடங்கு. செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் வெளியான அன்றே வாங்கி ஆடக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர்? விட்சர் 4 எப்படியும் 2026 முடிவதற்குள் வராது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அதுவரைக்கும், வந்த பிறகும்கூட, காசில்லாதவனும் காசுள்ளவனும் சமமாக உட்கார்ந்து பேசும் ஒரே இடம் ஊகம்தான். கடை வாசலில் சுருள் வாள் சுற்றிக் காட்டிய என் நண்பன் மூன்றாம் பாகத்தைக்கூடச் சொந்தமாக ஆடியதில்லை, மற்றவர்கள் ஆடும் வீடியோவைப் பார்த்தவன்தான். சங்கிலியின் பலவீனத்தை எங்களுக்குச் சொன்னது அவன். அவனுக்கு இந்தக் கேமில் இப்போதே பங்கு உண்டு என்று தீர்ப்பில் எழுதுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.